புதுப் பல் பழகும் வரை

என் தங்கை கப்பலிலிருந்து வீடு வந்து சேர்ந்த அன்று, எங்கள் வீட்டில் இல்லாத ஒரு தடுப்பை ஒவ்வொரு வாசலிலும் காலைத் தூக்கித் தாண்டினாள். கப்பலில் கதவுக்குக் கீழே அரைமுழ உயரத்துக்கு இரும்புத் தடுப்பு இருக்குமாம், தண்ணீர் உள்ளே வராமல் இருக்க. ஒன்றரை வருஷம் அதைத் தாண்டித் தாண்டி, சமதரையிலும் கால் தானாக எழும்புகிறது. பெட்டியை இழுத்துக்கொண்டு கொக்கு மாதிரி கூடத்துக்குள் நடந்து வந்தாள். நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள். என் காலைக் கட்டிக்கொண்டு நின்ற சுண்டெலி மட்டும் சிரிக்கவில்லை.

சுண்டெலி என் தங்கையின் மகள். தவழத் தொடங்கிய வயதில் என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். இப்போது வாய் ஓயாமல் பேசுகிறது. குழந்தையின் தகப்பன் அது வயிற்றில் இருக்கும்போதே கைகழுவிவிட்டுப் போனவன். அவனைப் பற்றி இதற்குமேல் ஒரு வரி செலவழிக்க எனக்கு மனமில்லை. தங்கைக்குத் தெரிந்த தொழில் சமையல். கடலின் ஆழத்தை அளந்துகொண்டு திரிகிற ஒரு கப்பலில் சமையல் வேலை கிடைத்தது. ஒன்பது மாதம் என்று சொல்லித்தான் அழைத்துப் போனார்கள். மாற்றாள் வரவில்லை என்று அதை இரட்டிப்பாக்கினார்கள்.

நான் கல்யாணம் ஆகாதவள். சொந்தக்காரர்கள் எனக்காக உச்சுக்கொட்டி ஓய்ந்து வெகுகாலம் ஆகிறது. எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கட்டில் முழுக்க என் இடம், காலை நீட்டிப் படுப்பேன். சுண்டெலி வந்த பிறகு அந்தக் கட்டிலில் எனக்கு ஓரமாக ஒரு சாண் மிஞ்சியது, அந்த ஒரு சாணில் நான் தூங்கிய தூக்கத்தை அதற்கு முன் தூங்கியதே இல்லை.

அவளுடைய பிள்ளை. திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும். இதில் பேச்சுக்கே இடமில்லை என்று எனக்கு நானே பல தடவை சொல்லிவைத்திருந்தேன். சொன்னது புத்திக்கு ஏறியது. மற்ற இடத்துக்கு ஏறவில்லை.

"என் தங்கமே, அம்மா வந்துட்டேன் பாரு," என்று தங்கை முட்டிபோட்டுக் கையை நீட்டினாள். எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல், கூடம் அதிர்ந்தது. சுண்டெலி என் முழங்காலுக்குப் பின்னால் ஒளிந்து, ஒரு கண்ணை மட்டும் வெளியே விட்டுப் பார்த்தாள். பிறகு அலமாரி மேலிருந்த என் போனை விரலால் காட்டினாள்.

"அம்மா அங்க."

சாயங்காலம் சிக்னல் கிடைக்கும்போதெல்லாம் அந்தப் போனில்தான் அம்மாவைக் காட்டுவேன். அம்மாவுக்கு முத்தம் கொடு என்பேன், போன் கண்ணாடியை நக்கி வைப்பாள். என் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஒரு நாள்கூட என்னை அம்மா என்று கூப்பிட விட்டதில்லை. பெரியம்மா என்று பழக்கினேன், அவள் வாயில் அது பெம்மா ஆயிற்று. பெம்மாவே போதும் என்று இருந்தேன்.

நீட்டிய கை நீட்டியபடி இருக்க, தங்கை என்னைப் பார்த்தாள். "பரவால்லக்கா. கொஞ்ச நாள்ல பழகிடும்," என்றாள். எனக்கு ஆறுதல் சொல்வது போல அவள் சொன்னாள், பாருங்கள்.

மறுநாளிலிருந்து பாடம் தொடங்கியது. ஒன்றரை வருஷத்தில் என்னென்னவோ மாறியிருந்தன. கீழே ரொட்டிக் கடை இருந்த இடத்தில் முடிவெட்டும் கடை. தங்கை அங்கே போய் ரொட்டி கேட்டுவிட்டு, அவர்கள் நாற்காலியைத் தட்டி உட்காரச் சொன்னதும் திரும்பி வந்தாள். குளியலறைக் குழாயில் சுடுதண்ணீர் வலப்பக்கம் மாறியது அவளுக்குத் தெரியாது. முதல் நாளே அலறினாள். பஸ் நம்பர் வேறு. மாடிப்படி விளக்கு இப்போது தானாக எரியும், அதன் சுவிட்சைத் தேடிச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றாள். சமையல்தான் பெரிய கூத்து. முப்பது பேருக்குச் சமைத்த கை. மூன்று பேருக்கு, அதில் ஒன்று அரை டிக்கெட், அவள் வைத்த சூப் எங்கள் வீட்டு எல்லாப் பாத்திரத்தையும் நிறைத்தது. நாலு வீட்டுக்குக் கொடுத்தும் தீரவில்லை. உப்பைப் பிடிப் பிடியாக அள்ளிவிட்டு, "ஐயையோ, இது கப்பல் இல்லல்ல," என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தேன். குழந்தையைச் சொல்லிக்கொடுப்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது.

"முட்டையில மஞ்சளை முதல்ல எடுத்து வாயில வெச்சிடு. வெள்ளை முதல்ல போச்சுன்னா துப்பிடுவா."

"சரிக்கா."

"தண்ணி நீல டம்ளர்லதான். குளிக்கும்போது தலைல ஊத்திடாத, காலேர்ந்து மேல வா. முடிய பின்னும்போது கையில எதாவது கொடு, ஸ்பூனாவது கொடு. சும்மா இருந்தா தலைய ஆட்டுவா."

தங்கை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள், உதட்டை அசைத்து ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கெட்டிக்காரி, ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொள்வாள். அதுதான் எனக்கு எரிச்சல். நான் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டதை எல்லாம் அவள் நின்ற நிலையில் வாங்கிக்கொண்டாள். நீல டம்ளரைச் சொன்னேன், நீல டம்ளர் அவள் கைக்குப் போயிற்று. முட்டையின் மஞ்சளைச் சொன்னேன், காலைச் சாப்பாடு போயிற்று. ஒன்றைச் சொல்ல ஒன்று என் கையைவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது.

விருந்தாளி விளையாட்டையும் காட்டினேன். அது நானும் சுண்டெலியும் கண்டுபிடித்தது. நான் வாசலுக்கு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று தட்டு தட்டுவேன். உள்ளேயிருந்து "யாது?" என்று குரல் வரும், அவள் வாய்க்கு ர வராது. நான் குரலை மாற்றிக்கொண்டு கேஸ் சிலிண்டர்காரன், பல் டாக்டர், ஒரு நாள் ராஜா, ஒரு நாள் கரடி என்று எதையாவது சொல்வேன். கதவைத் திறந்து, "வாங்க, உக்காதுங்க," என்பாள். ஓடிப்போய் நீல டம்ளரில் தண்ணீர் கொண்டுவருவாள், பாதி வழியிலேயே சிந்தும். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும், கொடுத்தாலும் வாங்கினாலும் இரண்டு கையால் என்பது நான் பழக்கியது. நான் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஐயோ, என்ன தண்ணி இது, உப்பு கரிக்குதே!" என்று முகத்தைச் சுளிப்பேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் முழு விளையாட்டும். "பெம்மா!" என்று கத்திக்கொண்டு, திருட்டைக் கண்டுபிடித்தவள் மாதிரி என் மேல் வந்து விழுவாள். சிரிப்பில் மூச்சு வாங்கும். உடனே, "மதுபடி!" என்று என்னை வெளியே தள்ளுவாள்.

தங்கை கட்டிலில் உட்கார்ந்து இதைப் பார்த்தாள். கைதட்டினாள். அவள் கைதட்டியதும் சுண்டெலி வெட்கப்பட்டு விளையாட்டை நிறுத்திவிட்டாள்.

இனி என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பல் செட் செய்யும் பட்டறையில் இருக்கிறேன். டாக்டர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து எங்களுக்கு அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, ரோஸ் நிற மெழுகில் ஈறு கட்டி, பல்லை ஒவ்வொன்றாக நடுவது என் பொறுப்பு. தெருவில் எனக்குப் பல்லக்கா என்று பெயர். என் சொந்தப் பல் வரிசை தப்பி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பது சும்மாவா. தங்கை போனதிலிருந்து சுண்டெலியைப் பட்டறைக்குத்தான் தூக்கிப் போவேன். பார்சல் வாங்கும் முன்னறையில் ஒரு பாயை விரித்து விட்டுவிடுவேன். முதலாளி முதல் வாரம் முனகினார், இரண்டாம் வாரம் அவளுக்குப் பிளாஸ்டரில் யானை செய்து கொடுத்தார்.

எங்கள் தொழிலில் ஒரு தலைவலி உண்டு. புது செட் போட்டவர்களில் பாதிப் பேர் கொஞ்ச நாளில் அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு நேரே பட்டறைக்கு வந்துவிடுவார்கள். "இது என் வாயே இல்லைங்க. அடுத்தவன் வாய் மாதிரி இருக்கு," என்பார்கள். முதலாளி அந்தப் பல்லைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார். "பழைய செட்டை என்ன பண்ணீங்க?" என்று கேட்பார். அது வீட்டில் இருக்கும். சாப்பிடும்போது மட்டும் அதைப் போட்டுக்கொள்வதாக மெல்ல ஒப்புக்கொள்வார்கள். "அப்புறம் எப்படிங்க புதுசு பழகும்? பழசு பக்கத்துல இருக்கற வரைக்கும் புதுசு ஒட்டாது. கொண்டாந்து எங்கிட்ட குடுங்க," என்பார். அப்படிப் பறிமுதல் செய்த பழைய செட்டுகளுக்கென்றே அவர் மேசையில் ஒரு இழுப்பறை. திறந்தால் ஒரு ஊரே சிரிக்கும்.

இதை நான் தங்கைக்குச் சாப்பிடும்போது நடித்துக் காட்டினேன். பொக்கை வாய்க் கிழவராகவும் நடித்தேன், முதலாளியாகவும் நடித்தேன். அவளுக்குப் புரையேறும்வரை சிரித்தாள். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். தவளை தன் வாயால் கெடும்.

தங்கை வந்த பிறகு நான் தனியாக வேலைக்குப் போனேன். அம்மா வீட்டில் இருக்கும்போது குழந்தைக்குப் பட்டறையில் என்ன வேலை. முன்னறையில் பாய் சுருட்டியபடி நின்றது. "உன் வால் எங்க?" என்று முதலாளி கேட்டார். "வாலோட தலை வந்துடுச்சு," என்றேன். அவர் சிரித்தார். நான் பிளாஸ்டர் கலக்கப் போனேன், தண்ணீரை அதிகமாக ஊற்றி இரண்டு முறை வீணாக்கினேன்.

பகல் தூக்கம்தான் பிரச்சினையாயிற்று. மத்தியானம் சாப்பிட்டதும் சுண்டெலிக்குக் கண் சொருகும். தங்கை பக்கத்தில் படுத்துத் தட்டிக்கொடுப்பாள், பாடுவாள், தோளில் போட்டு நடப்பாள். குழந்தை நெளியும், முனகும், கடைசியில் தொண்டை கட்டும்வரை அழும். போன் வரும். பின்னணியில் அந்த அழுகை. நான் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் பிளாஸ்டர் தூசியோடு ஓடுவேன். பக்கத்தில் படுப்பேன். ஒரு பாட்டு முடிவதற்குள் தூங்கிவிடுவாள்.

அதில் ஒரு சூட்சுமம் இருந்தது. முழங்கையின் பின்பக்கம், கையை நீட்டினால் கொஞ்சம் தளர்ந்த தோல் இருக்கும் இல்லையா? சுண்டெலிக்கு அது வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அதைப் பிடித்து உருட்டிக்கொண்டே இருந்தால்தான் தூக்கம் வரும். உருட்டல் மெதுவாகும், பிறகு நிற்கும், விரல் மட்டும் விடாது. என் இடது முழங்கையில் அந்த இடம் கறுத்தே போயிருந்தது.

இதை நான் தங்கைக்குச் சொல்லவில்லை. மஞ்சளைச் சொன்னவள், டம்ளரைச் சொன்னவள், இதை மட்டும் சொல்லவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். அவளுக்குக் கேட்கத் தெரியவில்லை, நானாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் வாரிக் கொடுத்தவளுக்கு ஒரு துண்டுத் தோல் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தேன். ஒவ்வொரு முறை போன் வந்தபோதும், நிஜத்தைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஒரு மத்தியானம் அப்படித்தான் ஓடிவந்து படுத்திருந்தேன். சுண்டெலி தூங்கிவிட்டாள். தலையைத் திருப்பினால் தங்கை வாசலில் நின்றுகொண்டிருக்கிறாள். அவள் கண் என் முழங்கை மேல் இருந்தது. அந்தச் சின்ன விரல்களையும் கறுத்த தோலையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, காலைத் தூக்கி வாசலைத் தாண்டிப் போனாள்.

மறுநாள் எனக்கு விடுமுறை. நான் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அறைக்குள் தங்கை குழந்தையிடம், "இந்தா கண்ணு, அம்மாவோடது. இதைப் பிடிச்சுக்கோ," என்பது கேட்டது. எனக்கு மடிப்பு மறந்தது. பிறகு சுண்டெலியின் குரல், அழாமல், தெளிவாக வந்தது.

"இது இல்ல."

அவ்வளவுதான் சொன்னாள். இறங்கி ஓடிவந்து, துணிக் குவியல் மேலேயே விழுந்து, என் கையைத் தேடி எடுத்தாள்.

தங்கை அடுப்படிக்குப் போய்விட்டாள். குழந்தை தூங்கியதும் நானும் போனேன். ஒரு வெங்காயத்தைப் பாதி நறுக்கிவிட்டு அப்படியே நின்றிருந்தாள். அழுதுகொண்டிருந்தாள். வெங்காயத்தின் மேல் பழிபோட அவள் முயலக்கூட இல்லை.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"கோவிச்சுப்பேன். சொல்லு."

"பழைய செட்டு பக்கத்துலயே இருந்தா புதுசு ஒட்டாதுன்னு நீதானே சொன்ன?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உச்சந்தலையில் சுரீர் என்றது. என் பேச்சை எடுத்து என்னையே குத்துகிறாள். அதுவும் நான் அவளைச் சிரிக்கவைக்கச் சொன்ன பேச்சு.

"ஓஹோ. நான் பழைய செட்டா? அப்ப இழுப்பறைல போட்டு மூடிடு," என்றேன். வாய் நிற்கவில்லை. "ஒன்றரை வருஷம் நான் என்ன ஆயா வேலையா பாத்தேன்? காய்ச்சல்ல அவ கண்ணு மேல போய்ச் சொருகினப்ப ஆஸ்பத்திரி வாசல்ல யார் நின்னது? நீ கரை சேந்துட்ட. சரி, இனிமே தோணி எதுக்கு?"

அவள் பதிலுக்குச் சத்தம் போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். சண்டை போடுவதில் என்னை மிஞ்ச இந்தத் தெருவில் ஆளில்லை. அவள் சத்தம் போடவில்லை. கப்பல் குரலை எங்கேயோ வைத்துவிட்டு, மெல்லப் பேசினாள்.

"தெரியும்க்கா. அவ முதல் அடி வெச்சது உன்னைப் பாத்து. நீ வீடியோ எடுத்து அனுப்பின. அது எனக்கு வந்து சேந்தப்ப நான் முப்பது பேருக்கு முட்டை உடைச்சுட்டிருந்தேன். கைய கழுவிட்டு வந்து பாக்கறதுக்குள்ள சிக்னல் போயிடுச்சு. அவ எழுந்து நிக்கற வரைக்கும்தான் பாத்தேன். காலைத் தூக்கறதைப் பாக்கறதுக்கு எனக்கு பதினோரு நாள் ஆச்சு." கத்தியைக் கீழே வைத்தாள். "உன்னைப் போகச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? ஆனா நீ இருக்கற வரைக்கும் அவ என்னைத் திரும்பிப் பாக்க மாட்டா. கொஞ்ச நாள்தான்க்கா. எனக்கு அவளை விட்டா யாரு இருக்கா?"

எனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்க வாய் திறந்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள், "நீயே வெச்சுக்கோக்கா," என்று சொல்லியிருப்பாள். சொல்லக்கூடியவள்தான். சொன்னால் நான் வைத்துக்கொண்டிருப்பேன். அந்தப் பயத்தில்தான் வாயை மூடிக்கொண்டேன்.

பட்டறைக்கு மேலே ஒரு அறை காலியாக இருந்தது. பழைய அச்சுகளைப் போட்டுவைக்கும் அறை. முதலாளியிடம் கேட்டேன். ஏன் என்று கேட்டார், சொன்னேன். அவர் மேசை இழுப்பறையை ஒருமுறை பார்த்தார். சாவியை எடுத்துக் கொடுத்தார். வாடகைப் பேச்சை எடுக்கவில்லை. குழந்தையை வேறு வீட்டுக்கு மாற்றினால் இன்னும் குழம்பிப்போகும், அதனால் வீட்டில் அவர்கள் இருக்கட்டும், வெளியே போவது நான் என்பது முடிவு. ஆள் மாறினால் போதும்.

"சொல்லிட்டுப் போனா அழுவா," என்றாள் தங்கை. அதனால் சுண்டெலியைக் குளிக்கவைக்கும் நேரத்தில் கிளம்பினேன். பையை வாசலில் வைத்துவிட்டு, குளியலறைக் கதவருகே தங்கையை மட்டும் கூப்பிட்டேன்.

"கையை மடக்கிக் கொடுத்திருப்ப நீ. மடக்கினா தோல் இறுகிடும். நீட்டி வெச்சுக்கோ. அப்புறம் உன் முழங்கை சொரசொரன்னு இருக்கு, கப்பல் குளிர்ல வெடிச்சிருக்கு. ராத்திரி எண்ணெய் தடவு. நல்லா ஊறட்டும். அவளா வந்து பிடிக்கற வரைக்கும் நீயா கொடுக்காத."

தங்கை என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவள் கை ஈரமாக இருந்தது. என் முதுகில் அந்த ஈரம் படிந்தது. உள்ளே சுண்டெலி தண்ணீரை அடித்துக்கொண்டு, "பெம்மா, மீனு!" என்று கத்தினாள். பக்கெட்டில் பிளாஸ்டிக் மீன் மிதந்தால் தினமும் அப்படித்தான் என்னைக் கூப்பிடுவாள். வழக்கமாக நான், "பிடி பிடி, விடாத!" என்பேன். அன்றைக்குப் பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினேன். படியில் பாதி இறங்கும்வரை "பெம்மா, மீனு" கேட்டுக்கொண்டே இருந்தது.

மேலறையில் சுற்றிலும் பிளாஸ்டர் தாடைகள். யார் யாருடைய வாயோ திறந்தபடி என்னைப் பார்த்தன. முதல் இரண்டு மூன்று நாள் வீட்டுக் கட்டிலில் படுப்பது மாதிரியே ஓரமாக ஒரு சாணில்தான் படுத்தேன். அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று உடம்புக்கு எப்படிச் சொல்வது?

தங்கை தினமும் போனில் பேசினாள். தேடுகிறாள், கதவையே பார்க்கிறாள், சாப்பிடவில்லை, இன்று கொஞ்சம் சாப்பிட்டாள், இன்று தன் மடியில் உட்கார்ந்தாள் என்று செய்தி வந்தது. தேடுகிறாள் என்றால் நெஞ்சு பிசைந்தது. மடியில் உட்கார்ந்தாள் என்றால் அதைவிட அதிகமாகப் பிசைந்தது. எதைக் கேட்டால் எனக்கு நல்லது என்று எனக்கே தெரியவில்லை.

ஒரு மத்தியானம் போன் வந்தது. தங்கை குரலே எழும்பாமல் ரகசியம் போலப் பேசினாள்.

"அக்கா, தூங்கிட்டா. அவளா பிடிச்சுக்கிட்டா. இப்பவும் பிடிச்சுட்டுதான் இருக்கா. என்னால நகர முடியல. ஒரு கையாலதான் பேசறேன்." சிரித்தாள், மூக்கை உறிஞ்சினாள். "அக்கா, கேக்குதா? தூங்கிட்டாக்கா."

"நல்லது," என்றேன். "கையை ஆட்டாத. முழிச்சுக்குவா."

போனை வைத்துவிட்டு, பல்லைத் தேய்த்து ராவும் எந்திரத்தைப் போட்டேன். தூசிக்கு மூக்கையும் வாயையும் மூடிக் கட்டும் துணி எவ்வளவு உபகாரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எந்திரச் சத்தத்தில் என்ன செய்தாலும் வெளியே கேட்காது. நான் அழுதேன். ஒரு நோயாளியின் கோரைப் பல்லைக் கையில் பிடித்துக்கொண்டு, அதை ராவிக்கொண்டே, வாய்விட்டு அழுதேன். சாயங்காலம் முதலாளி அந்த செட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"பல்லக்கா, இது யாரைக் கடிக்கப் போகுது? இவ்வளவு கூரா வெச்சிருக்க?"

"மாத்திக் கொடுத்துடறேன்," என்றேன். அவர் என் கண்ணைப் பார்த்துவிட்டு, தானே மாற்றுவதாகச் சொல்லி எடுத்துக்கொண்டு போனார்.

கொஞ்ச நாள் என்றது நீண்டது. இப்போது நீ வந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும் என்றாள் தங்கை. நியாயம்தான். பிறகு சுண்டெலிக்குச் சளி. பிறகு தங்கைக்கு ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை கிடைத்தது, அங்கேயே குழந்தையையும் விட இடம் இருந்தது, அது பழகட்டும் என்றாள். அதுவும் நியாயம். நியாயத்துக்கு எங்கள் வீட்டில் பஞ்சமே இல்லை. மழை தொடங்கி மழையும் விட்டது. என் முழங்கையில் இருந்த கறுப்பு ஒரு நாள் குளிக்கும்போது பார்த்தால் காணோம். சோப்பு போடாத நாளில்லை, அது அதுவரை போனதில்லை.

பிறகு ஒரு நாள், "ஞாயிற்றுக்கிழமை வாக்கா, சாப்பிட," என்றாள் தங்கை.

மெழுகு மிச்சத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு சுண்டெலி செய்தேன். வாலுக்கு நூல். முன்னால் இரண்டு பல், நிஜப் பல், எங்கள் பெட்டியில் இருப்பதிலேயே சின்ன அளவு. நான் இருந்த வீட்டுக்குப் போவது போல இல்லை, பெண் பார்க்கப் போகிறவள் மாதிரி புடவையை இரண்டு முறை மாற்றினேன். மாடிப்படி விளக்கு தானாக எரிந்தது. கதவு சாத்தியிருந்தது. என்னிடம் சாவி இருந்தது. சாவியை எடுக்காமல் மூன்று தட்டு தட்டினேன்.

"யாரு?"

ர சுத்தமாக வந்தது. குரலை மாற்றிக்கொண்டேன். "கேஸ் சிலிண்டர்!"

கதவு திறந்தது. வளர்ந்திருந்தாள். முடி வேறு மாதிரி இரண்டாகப் பின்னியிருந்தது. என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு நொடி, அந்தக் கண்ணில் என்னவோ ஓடியது. பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"அம்மா! பெரியம்மா வந்திருக்காங்க!"

"வாக்கா, உக்காரு. கையெல்லாம் மாவு, இதோ வந்துட்டேன்," என்று தங்கை அடுப்படியிலிருந்து சொன்னாள்.

"வாங்க. உக்காருங்க," என்றாள் சுண்டெலி. அடுப்படி வாசலில் காலை உயரத் தூக்கி, இல்லாத தடுப்பை அம்மா மாதிரியே தாண்டி உள்ளே போனாள்.

நான் உட்கார்ந்தேன். பதினேழு வருஷம் நான் வாடகை கொடுத்த வீட்டில், எந்த நாற்காலியில் உட்காருவது என்று தெரியாமல் வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். மெழுகு எலி என் கையிலேயே இருந்தது. வெயிலில் வந்ததில் கொஞ்சம் இளகியிருந்தது.

தண்ணீர் வந்தது. விருந்தாளிக்கு வைக்கும் எவர்சில்வர் டம்ளர். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. நான் ஒரு வாய் குடித்தேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, என் முகத்தைச் சுளித்தேன்.

"ஐயோ, என்ன தண்ணி இது, உப்பு கரிக்குதே!"

காத்திருந்தேன். அவள் சிரிக்கவில்லை. புருவத்தைச் சுருக்கி டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். தப்பு செய்துவிட்டோமோ என்ற கவலை அந்தச் சின்ன முகத்தில் வந்தது.

"வேற கொண்டு வரட்டுமா?" என்றாள்.

"வேண்டாம் கண்ணு. நல்லாத்தான் இருக்கு."

கடைசிச் சொட்டுவரை குடித்தேன். டம்ளரை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அது நான் சொல்லிக்கொடுத்தது.